கண்ணாயிரத்துக்கு வைத்த படையல்

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? உச்சிவெயிலிலும் வரும். கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன். விளக்கு அணைந்தால் அணையட்டும்... நடுவில் யாரும் எழுந்து போக வேண்டாம்.

இது என் சிநேகிதன் தணிகாசலத்தின் குடும்பத்தில் நடந்தது. அவன் அம்மா வடிவாம்பாளுக்குப் பொய் சொல்லவே வராது. இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாசம். மணி பன்னிரண்டு. மாகறலிலிருந்து காஞ்சிபுரம் வருகிற ரோடு. பஸ்ஸைத் தவறவிட்டு, வடிவாம்பாளும் அவள் நாத்தனார் கமலவேணியும் நடந்து வருகிறார்கள். ஆள் இல்லை, மாடு இல்லை. காக்காய்கூடக் கத்தவில்லை. தார் இளகிக் காலில் ஒட்டுகிறது.

கமலவேணியின் ஒரே மகன் கண்ணாயிரம் செத்து அன்றைக்குப் பதினைந்தாம் நாள். இருபத்து மூன்று வயசு. மாரடைப்பு என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் காரணம் சொல்லாமல் அண்ணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாகறல் வந்தவள், ஒரு பழைய கம்பவுண்டர் வீட்டுப் பின்கட்டுக்குள் போனாள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். முந்தானையில் புதுசாக ஒரு முடிச்சு இருந்தது.

பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம். சரக்... சரக்... ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

வடிவாம்பாள் திரும்பிப் பார்த்தாள். ரோடு வெறிச்சென்று கிடந்தது. நாலு அடி வைத்தாள். சரக்... சரக்... கூடவே ஒரு வாசனை. ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துக் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டு வாசனை. பொட்டல் காட்டில் அது எங்கிருந்து வரும்? கமலவேணி திரும்பவே இல்லை. பின்னால் வருகிறவன் வந்து சேரட்டும் என்பதுபோல நடையைக் குறைத்தாள்.

"அவன்தான் அண்ணி. நம்ம பின்னாடியே வந்துக்கினு இருக்கான். திரும்பாதீங்க, போயிடுவான்."

வடிவாம்பாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாத்தனாரை ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்து, என்னடி இது என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

கண்ணாயிரத்துக்கு முதலில் வயிற்றுவலி. வலிக்கு ஊசி போட்டார்கள். வலி போயிற்று, ஊசி போகவில்லை. தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டான். போடாவிட்டால் கை உதறும். அம்மாவும் பிள்ளையும் ஒரே தறியில் நெய்கிறவர்கள். அவன் புடவையின் உடலுக்கு ஊடைநூல் சுற்றிய நாடாவை எறிய, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவள் கரைக்கு எறிவாள். ஒருத்தர் கை உதறினாலும் கரை உடலோடு சேராது. அதனால் மருந்துக் குப்பிகளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, நாளுக்கு ஒன்றாக அவளே எடுத்துக் கொடுத்தாள். மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று நம்பினாள், பாவம்.

அவன் செத்த அன்றைக்குத் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். ஒரு முழம் பாக்கி.

"கை நிக்கலைம்மா, இன்னொண்ணு குடுன்னான். நான்தான் எடுத்துக் குடுத்தேன் அண்ணி. என் கையாலயே குடுத்தேன்."

புடவை முடிந்தது. தறிக்குழியிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

ஊசியால் செத்தான் என்பது அவள் புருஷன் கலியாணசுந்தரத்துக்குத் தெரியும். மானம் போய்விடும் என்று எல்லார் வாயையும் கட்டிவிட்டார். அன்றைக்கு இரண்டாவதைக் கொடுத்தது யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கமலவேணிக்கு வேண்டியது ஒன்றுதான். பிள்ளைக்குத் தன்மேல் கோபமா, இல்லையா... அது தெரிய வேண்டும்.

பதினாறாம் நாள் படையலில், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது நம் வழக்கம். குடித்தவருக்குச் சாராயம் வைப்போம், பொடி போட்டவருக்குப் பொடி வைப்போம். அதில் வெட்கமே கிடையாது. வைத்துவிட்டு, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்போம். கலியாணசுந்தரம் மொச்சைக் குழம்பு வைத்தார், கோலி சோடா வைத்தார். சிகரெட்டைத் தானே பற்றவைத்து இலையோரம் வைத்தார். யாரும் பார்க்காதபோது கமலவேணி தன் முடிச்சை அவிழ்த்து, குப்பியை இலைக்கு அடியில் வைத்தாள்.

கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் கூடத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டிக்.

கண்ணாடிக் கழுத்து ஒடிகிற சத்தம். கமலவேணி மட்டும் தலை நிமிர்ந்தாள்.

கதவைத் திறந்தபோது சோறு அப்படியே இருந்தது. கமலவேணியின் கண் போன இடத்தைக் கவனித்து, வடிவாம்பாள் மெல்ல இலையைத் தூக்கிப் பார்த்தாள். குப்பியின் கழுத்து ஒடிந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. தரையிலும் ஈரம் இல்லை.

பதினைந்து நாள் கண்மூடாதவள் அன்று ராத்திரி தூங்கினாள். விடிந்ததும் வடிவாம்பாள் பார்த்தாள். கமலவேணியின் இடது முழங்கை மடிப்பில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கொசு கடித்ததா என்று கேட்டாள்.

"அவன் வந்தான் அண்ணி. கோவமே இல்ல. தூங்கும்மான்னு சொல்லி எனக்குப் போட்டுட்டுப் போனான்."

இதோடு விட்டிருந்தால் இதை நல்ல கதை என்றே சொல்லியிருப்பேன். அவள் விடவில்லை. அமாவாசைக்கு அமாவாசை மாகறல் போனாள், படைத்தாள், தூங்கினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. நடுவில் இருக்கிற நாட்களில் சாப்பாடு கிடையாது, தறி கிடையாது. எப்போது அமாவாசை என்று பஞ்சாங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவாம்பாள் திட்டிப் பார்த்தாள், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தாள்.

"எப்படி அண்ணி நிறுத்துவேன்? அவன் பக்கத்துல வந்து உக்கார்றதுக்குள்ள எனக்குக் கண்ணு சொருகிடுது. புள்ள மொகத்த சரியா பாக்கக்கூட முடியல. ஒண்ணு பத்தலை."

ஐப்பசி அமாவாசையன்று அவள் முடிச்சில் இரண்டு இருந்தன.

வடிவாம்பாள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கிணற்றடியில் துவைக்கிற கல்லில் இரண்டையும் அறைந்து உடைத்தாள், நாலு வாளித் தண்ணீர் கொட்டினாள். கமலவேணி சண்டை போடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை என்று வடிவாம்பாள் இன்றைக்கும் அழுவாள்.

அன்று ராத்திரி நாத்தனாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்தாள். தூங்கவே கூடாது என்று வைராக்கியம். முதல் கோழி கூவுகிறவரை விழித்திருந்தாள். அப்புறம் புழக்கடைப் பக்கம்... சரக்... சரக்... எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். இமை பாரமாக இறங்கியது. எப்படித் தூங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

விடிந்தபோது கமலவேணியின் கை அவள் கைக்குள்தான் இருந்தது. சில்லென்று இருந்தது. முகத்தில் இத்தனை மாசமாக இல்லாத ஒரு நிம்மதி. முழங்கை மடிப்பில், பழைய புள்ளிகளுக்குப் பக்கத்தில், ஈரம் காயாமல் இரண்டு புள்ளிகள்.

வாசலில் கலியாணசுந்தரம் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், மாரடைப்பு என்று. குளிப்பாட்டப் பெண்கள் வருமுன் வடிவாம்பாள் அந்தக் கையை முந்தானையால் மூடினாள். மூடிவிட்டு, தன் இடது கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

அங்கேயும் ஒன்று இருந்தது.