கழன்ற ஸ்குரு

ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலம். ரிங்லெட் கடைத்தெருவில் மரவள்ளிக்கிழங்கு வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து மெக்கானிக்கும் அவர் கூட்டாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஜப்பான் ஆபீசர் மோட்டார் சைக்கிள்ல கார்புரேட்டர் ஸ்குரு இன்னுமா கழலல அண்ணே?"

"நேத்தே கழண்டுருச்சு."

"எப்படி? துருப்புடிச்சு இறுகிப்போச்சுன்னீங்களே?"

"கம்பியப் பழுக்கக் காச்சி அது தலையில வச்சேன். சூட்டோட தேங்காண்ணெய் விட்டுத் தட்டினேன். அசஞ்சு குடுத்துச்சு."

"அப்புறம் ஏன் வண்டி ஓடல?"

மெக்கானிக் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திரும்ப முறுக்கி, தலைய அரத்தால வழவழன்னு அராவிட்டேன்லா. இனி எவன் திருகினாலும் வராது, உள்ள இருக்கிற அடைப்ப எடுக்கவும் முடியாது."

"ஐயோ, ஏண்ணே?"

"வண்டி ஓடினா லயம் லயமா, வீடு வீடா வந்து சயாம் ரயில் பாதை போடுற வேலைக்கு ஆள் புடிப்பான். அங்க போனவன் எவன் உசுரோட திரும்பினான்?"

அந்த மாதம் முழுக்க எங்கள் லயத்துப் பக்கம் மோட்டார் சத்தமே கேட்கவில்லை.