நான்காம் எண்ணில் குறை இல்லை

டீ வேண்டாம் ஐயா. பதினோரு மணிக்கு மேல் டீ குடித்தால் எனக்குப் புளித்த ஏப்பம் வரும். தண்ணீர் போதும்.

யேசுதாஸ் செத்ததை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. கம்பெனி கொடுத்த அறிக்கையில் ஒரு வரி தப்பு. அதைத் திருத்தத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

என் பெயர் லோகநாதன். புதுவாயலுக்கு மேற்கே இருக்கும் பவுண்டரியில் பதினான்கு வருடமாக மோல்டர். கிணற்று மேட்டில் வைக்கிற டீசல் என்ஜினுக்குப் பிளாக் வார்க்கிறோம். மணலில் அச்சுச் செய்து, அதை மூடுவதற்கு முன் ஒவ்வொரு மோல்டரும் உள்ளே தன் எண் பொறித்த பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். இரும்பு ஊற்றி ஆறியபின் பிளாக்கின் பக்கவாட்டில் அந்த எண் புடைத்துக்கொண்டு நிற்கும். முப்பது வருடம் கழித்துப் பிளாக் வெடித்தாலும் யார் செய்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு நான்கு. யேசுதாசுக்குப் பதினொன்று. இருவர் அச்சும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும்.

எழுபத்து நான்கில், ஆயுத பூசைக்குப் பிறகு மேஸ்திரி வேலை காலியாகிறது என்றார்கள். எந்த எண்ணில் ஓட்டை விழுந்த பிளாக் குறைவோ, அவனுக்குத்தான் அது. யேசுதாஸ் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஜன்னலோரம் இடம், எனக்கு இருட்டு மூலை. இதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதனால் காலை டீ நேரத்தில், மூடாமல் இருக்கும் அவன் அச்சுகளில் நன்றாக வந்த ஒன்றிரண்டில் பதினொன்றைத் தடவி அழித்துவிட்டு நான்கை அழுத்துவேன். என் அச்சுகளில் மனதுக்குப் பிடிக்காததில் பதினொன்றை அழுத்துவேன். அதற்கென்று ஒரு பதினொன்றை நானே வார்த்து வைத்திருந்தேன். திருட்டு என்று இதைச் சொல்ல முடியாது. யாருக்கும் பிளாக்கின் எண்ணிக்கை குறையவில்லையே.

அந்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு யேசுதாஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் கருவாட்டில் பாதியை எடுத்து என் டிபன் மூடியில் வைத்தான்.

“யாரோ என் நம்பர வச்சி வெளாடிக்கினு கீறாங்கண்ணா. ரெண்டு மாசமா பேஜாரா கீது.”

“யாரா இருக்கும்?”

“தெர்ல. நானும் சும்மா இல்ல. என் அச்சுல, பிளாக்கோட கால் மடிப்பு வர்ற எடத்தாண்ட கட்ட வெரல் நகத்த அழுத்திக்கினு வர்றேன். நாளைக்கு மேனேஜர் ஊர்லேர்ந்து வந்துடுவாரு. அவர இட்டாந்து ஒவ்வொரு பிளாக்கா பொரட்டிக் காட்டப் போறேன். யாருன்னு அப்போ தெரிஞ்சிடும்.”

“நல்ல வேல பண்ண,” என்றேன். இரண்டு மாதம் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறானே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. கருவாட்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

மூன்று மணிக்கு எல்லா அச்சையும் மூடியாகிவிட்டது. யேசுதாஸ் முதலில் ஊற்றப்போகும் அச்சின் வாயில் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டேன். அடியில் தேங்கிய தண்ணீரில் உருகிய இரும்பு விழுந்தால் வெடித்து, ஊற்றுகிறவன் மேலேயே தெறிக்கும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இரும்பு கொண்டுவரும் கரண்டியை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தினமும் அவனோடு நான்தான் பிடிப்பேன். அன்று இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி, எங்களோடு வேலை செய்யும் குப்பனை அனுப்பினேன். குப்பனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

மறுநாள் மேனேஜர் வந்து அந்த அச்சை உடைக்கச் சொன்னார். பாதி நிரம்பிய பிளாக்கில் நான்கு இருந்தது. காலையில் நான் மாற்றிய அச்சு அது. சொம்பைக் கவிழ்க்கும் அவசரத்தில் மறந்துபோயிருந்தேன். ஈர மணல், நான்காம் எண் மோல்டரின் அஜாக்கிரதை என்று எழுதிவிட்டார்கள். மேஸ்திரி வேலை இன்னொரு மோல்டர் பரசுராமனுக்குப் போயிற்று. அது போகட்டும்.

யேசுதாஸ் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தான். மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் பெண்சாதி ரோசம்மாள் எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். கட்டுக்குள்ளிருந்து அவன் பேசினான்.

“ஒன் அச்சாமேண்ணா. பரவால்ல, வுடு. வேணும்னா ஈரமா வுட்ட? மனசுல வச்சிக்காத.”

“ஒனக்கோசரம்தான் ஜெபம் பண்ணிக்கினே கீறாரு,” என்றாள் ரோசம்மாள்.

மன்னித்துவிட்டான் ஐயா. நான் செய்யாத தப்புக்கு. மணலில் ஈரம் பார்க்கத் தெரியாதவன் என்று என்னை நினைத்துக்கொண்டே அன்று சாயங்காலம் செத்துப்போனான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிளாக் கழிவுக் குவியலில்தான் கிடக்கிறது. புரட்டிப் பாருங்கள், கால் மடிப்பில் அவன் நகம் இருக்கும். அச்சு அவனுடையது. தண்ணீர் விட்டவன் நான். அவன் சாக வேண்டும் என்றுதான் விட்டேன். இதை இப்படியே எழுதுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ரோசம்மாளிடம் யாராவது போய் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்தில் நான் ஓர் அச்சைக்கூட ஈரமாக விட்டதில்லை.