அண்ணனின் கெண்டைக்கால்

நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. நானாகச் சொல்லவில்லை ஐயா, அண்ணன் பஞ்சநதம் படுக்கையில் கிடந்தபோது வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது.

தொண்ணூற்றாறில், ஆட்சி மாறிய வருஷம், நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன அண்ணன் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள்.

அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தலைமடையில் பத்து மா நிலம் அவர் பேரில் இருந்தது. அவருக்குப் பிறகு எனக்குத்தான். ஆனால் அதை வீரையன் குடும்பம் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுது வந்தது. அந்த நிலத்துக்காகச் செங்கொடி ஏறியதும், அப்பா ஆள் வைத்து வீரையனின் தகப்பன் மண்டையை உடைத்ததும் ஊரறிந்த கதை. அண்ணனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "நான் எழுந்து நடக்குற அன்னைக்கே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயி வீரையன் பேருக்கு எழுதிக் குடுத்துடுறேன்டா, உத்திராபதி" என்றார். நல்ல மனுஷன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும். தினமும் பிடித்து நடக்க வையுங்கள், பாதத்தை ஆட்டச் சொல்லுங்கள், வயிற்றில் போடும் ஊசி தவறக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினால் தேய்க்காமல் உடனே கூட்டி வாருங்கள், உறைந்த ரத்தம் நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் ஆள் தங்காது என்றார்.

அண்ணனின் கால் தரையில் பட நான் விடவில்லை. சோறு, தண்ணீர், மூத்திரச் சட்டி எல்லாம் கட்டிலுக்கே வந்தன. ஊசி போட வந்த நர்ஸ் செவ்வந்தியிடம், வயிறெல்லாம் கன்றிப்போகிறது, இனி வர வேண்டாம் என்றேன். பிரகதாம்பாள் அத்தை பார்க்க வந்து, "பொறந்தா இப்படியொரு தம்பியோட பொறக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. யார் மூலமோ வீரையனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் காலையில் வாடகைக் காரோடு வந்து வாசலில் நின்றான். "அவன் புடிச்சுக்கிட்டா நான் நடந்துடுவேன்" என்றார் அண்ணன்.

போர்வையை விலக்கினேன். இடது கெண்டைக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. ரெண்டு நாளாகவே அப்படித்தான். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நன்றாக அழுத்தித் தேய்த்தேன். "வேணாம்டா" என்றார். வலியில் எல்லோரும் சொல்வதுதான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது, பிறகு அடங்கிவிட்டது.

டாக்டர் சொன்னதை மறந்துதான் தேய்த்தாயா என்று கேட்கிறீர்கள். ஒரு வார்த்தையும் மறக்கவில்லை ஐயா. அவர் எழுந்து நடந்துவிடக் கூடாது என்றுதான் தேய்த்தேன். கடைசியில் அண்ணன் என் இரண்டு மணிக்கட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார். என்னைத் தடுக்கத்தான் பிடித்தார் என்று, வாசலிலிருந்து உள்ளே ஓடி வந்து பார்த்த வீரையன் உங்களிடம் சொல்லியிருப்பான். கூடப் பிறந்தவர்களின் பாசம் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.