வராத புறா

"மாமா, கார் மோதினா நீங்கள் காசு எடுத்துக் குடுப்பியள். அப்பா அடிச்சா ஆர் குடுக்கிறது?"

கோசிகா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கிங்ஸ்பரியில் என் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் சுழல்நாற்காலியில் ஏறி இருந்து, காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவளுடைய தாய் அருள்நாயகி கார் பொலிசியைப் புதுப்பிக்க வந்திருந்தாள். பிள்ளையை அவள் அதட்டவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையைச் சற்று மேலே இழுத்துவிட்டாள். நான் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.

நான் கடவுளுக்குப் பயந்தவன். பெரிய தர்மங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னச் சின்ன உதவிகளால்தான் உலகம் நிற்கிறது என்று நினைப்பவன். ஆகவே சின்னதாகவே தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனேன். அருள்நாயகியின் கணவன் புவனேந்திரனை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு அழைத்துப்போய், இனிக் கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்தேன். அவனும் செய்தான். அடுத்த வாரம் அருள்நாயகி வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். பொலிசுக்குச் சொல்லலாம் என்றேன். வேண்டாம் என்றாள். அவன் சம்பளம் இல்லாவிட்டால் வீடு போய்விடும், பிள்ளையோடு எங்கே போவது என்று கேட்டாள்.

புவனேந்திரனோடு நான் நட்பாகவே இருந்தேன். எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து கென்ற் பக்கம் ஒரு பண்ணைக்குப் புறா சுடப் போவது வழக்கம். விதைத்த கோதுமையைப் புறாக்கள் தின்றுவிடுவதால் பண்ணைக்காரருக்கு எங்கள் வரவு பிடிக்கும். ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் நிலத்தில் கால்வைக்க விடமாட்டார். அதை எடுத்துக் கொடுத்தவன் நான். கவனக்குறைவால் ஒருவர் இன்னொருவரைச் சுட்டுவிட்டால், சுடப்பட்டவர் எங்கள் கூட்டத்தில் ஒருவராக இருந்தாலும், அவருக்கோ குடும்பத்துக்கோ கம்பெனி நட்டஈடு கொடுக்கும். வேண்டுமென்று சுட்டால் ஒன்றும் கிடையாது. இதை எல்லோருக்கும் வாசித்து விளங்கப்படுத்தினேன். அது என் கடமை.

புவனேந்திரன் சிரித்தான். "சாமி அண்ணை, இதை என்ர மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்கே துவக்குப் பழக வந்திடுவாள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு முன் எனக்கு அப்படி ஒரு யோசனை வந்ததில்லை.

பிறகு கந்தசஷ்டி விரத வாரம் வந்தது. மற்றவர்களுக்கு வேலை. புவனேந்திரனும் நானும் மட்டும் பண்ணைக்குப் போனோம். வேலியோரம் கட்டியிருந்த வலைமறைப்புக்குப் பின்னால் இருந்தோம். புறாக்களை ஏமாற்றி இறக்க வயலில் வைத்திருந்த பிளாஸ்ரிக் புறாக்களில் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைக்க அவன் எழுந்து போனான். தாழப் பறந்த ஒரு புறாவைக் குறிபார்த்துத் துவக்கைத் திருப்பினேன், அவன் நின்றதை மறந்துவிட்டேன் என்று பொலிசாரிடம் சொன்னேன். அவர்கள் நீட்டிய தண்ணீரை நான் வாங்கவில்லை. காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், புவனேந்திரன் இறந்துவிட்டான் என்று சொன்னபோது அருள்நாயகி அழவில்லை. என் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரதத்தின் முதல் நாள் ஐயர் கட்டிவிட்ட காப்பு நூல் அதில் இருந்தது. அந்த நூல் கையில் இருக்கும்வரை நான் ஒரு உயிரையும் தொடமாட்டேன். சஷ்டி நாட்களில் கூட்டத்தோடு போனாலும் மறைப்புக்குள் சும்மா இருந்துவிட்டு வருவேன். இது அவளுக்குத் தெரியும். புறாவைக் குறிபார்த்தேன் என்ற கதையை வெள்ளைக்காரப் பொலிஸ் நம்பலாம், அவள் எப்படி நம்புவாள்? இந்தப் பிழை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் எட்டி என் ஜக்கெற் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டாள். "குளிருது அண்ணை. கையை மூடுங்கோ."

பொலிசார் துவக்கையும் லைசென்சையும் எடுத்துக்கொண்டார்கள். விசாரணையில் விபத்து என்று முடிவானது. கம்பெனி அவ்வளவு லேசாக விடவில்லை. ஸ்ரீநிதி என்ற சென்னைப் பெண்ணை அனுப்பியது. அருள்நாயகி வீட்டு முன்னறையில் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார். போகிற நேரத்தில் சுவாமிப்படத்தைப் பார்த்தபடி, சாதாரணமாக இன்னொன்றும் கேட்டார்.

"ஐயா, அன்னிக்கு சஷ்டி நடந்துட்டிருந்துச்சு. எங்க அம்மா அந்த ஆறு நாளும் கொசுவக்கூட அடிக்க மாட்டாங்க. நீங்க விரதம் இல்லையா?"

நான் வாய் திறக்குமுன் அருள்நாயகி அவர் முன்னால் தேத்தண்ணீரை வைத்தாள். "அண்ணைக்குச் சுகர். இந்தமுறை காப்புக் கட்டேல்லை."

ஸ்ரீநிதி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். அதன்பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று நினைப்பேன். கடைசியில் கம்பெனி நட்டஈட்டைக் கொடுத்தது. வீடு மிஞ்சியது. கோசிகாவின் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

அருள்நாயகி எனக்கு நன்றி சொல்லவில்லை. பிரசாதம் கொண்டுபோனால் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், இடைவெளிக்குள்ளால் வாங்குகிறாள். கோசிகா என்னைக் கண்டால் தாயின் பின்னால் போய் நிற்கிறாள். அவர்களுக்கு என்மேல் என்ன சந்தேகமோ தெரியாது. நான் மனம் வருந்தவில்லை. உதவி செய்தவன் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று அந்த வயலில் புறா எதுவும் பறக்கவில்லை. நான் குறிபார்த்தது புவனேந்திரனின் முதுகை. வராத ஒரு புறாவின்மேல் பழியைப் போட்டுவிட்டேன், அதுவும் காப்புக் கட்டிய கையோடு.

இந்த வருடம் சஷ்டி முடிந்து காப்பை அவிழ்த்த பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் போனேன். வயலில் ஆள் இல்லை. அதே வேலியோரம், கொண்டுபோன கோதுமையைக் கை கையாக அள்ளித் தூவினேன். சற்று நேரத்தில் ஒரு புறா இறங்கிவந்தது, பிறகு நாலைந்து. அவை தின்று முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.

நான் செய்த பாவம் அந்தப் பொய் ஒன்றுதான். அந்தக் கடனும் தீர்ந்தது.