அட்மின் மட்டும் எழுதலாம்

காலையில் காபியோடு குட்மார்னிங் செய்திகளைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், சார். பூ, சாமி படம், கும்பிடு. யாருக்கும் தொந்தரவில்லை. நான் புதூர்நாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மலை ஊர்களுக்கெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தவன் நான்தான். அறுநூறு பேர். அட்மின் நான் ஒருவன்.

அதைக் கெடுத்தவள் செல்லி. காட்டில் கடுக்காய் பொறுக்குகிறவள், எட்டாவது தாண்டாதவள். நான் எதைப் போட்டாலும் "இல்லீங்க" என்று ஆரம்பிப்பாள். ஜீப் எட்டு மணிக்கு என்றால், "இல்லீங்க, ஏழரைக்கே கெளம்பிடுது." திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். இவள் மரியாதையாகவே மானத்தை வாங்குவாள். அவள் எழுதுவதை நீக்குவதே எனக்கு வேலையாகிப் போனது. 'அட்மின் நீக்கினார்' என்ற வரியைப் பார்த்தாலே, செல்லி மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று ஜனங்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

போன மாதம் மழைக்குப் பிறகு, வேலியோரம் முளைத்த வெள்ளைக் காளானைப் பறித்துப் படம் போட்டேன். 'நம் மண்ணின் சத்துணவு' என்று எழுதினேன். நூறு பேர் கைதட்டினார்கள். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து கல்பனா கேட்டாள்: "அண்ணா, எங்க வூட்டாண்டயும் இதே மொளைச்சிருக்குது. ஆக்கலாங்களா?" அவள் ஊரில் மேட்டுப் பாறையில் ஏறினால்தான் சிக்னல். பதிலுக்காக அங்கேயே நின்றிருப்பாள்.

அதற்குள் செல்லி: "இல்லீங்க. அடியில பை மாதிரி இருக்குது பாருங்க. வெஷம். ஆக்காதீங்க."

நீக்கினேன். குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினேன். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. கல்பனாவுக்கு "தாராளமா ஆக்கும்மா" என்று போட்டேன். செல்லி நாலு தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. பிறகு கல்பனா வீட்டுக்கு நடந்தே போனாளாம். அவள் போய்ச் சேர்ந்தபோது சட்டி காலி.

கல்பனா, அவள் புருஷன் நவீன்குமார், ஆறு வயதுப் பெண். ஒரு வாரத்துக்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். செல்லி சொன்னதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பை இருந்தது. எங்கள் வீட்டுக்கு வைத்திருந்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் கல்பனாவுக்குப் பதில் போட்டேன். படத்தைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தால் செல்லி ஜெயித்ததாக ஆகியிருக்கும். அறுநூறு பேர் முன்னால் அதை எப்படிச் செய்வது?

இரங்கல் செய்தியையும் நான்தான் எழுதினேன். எல்லாம் விதி, யார்மேலும் தவறில்லை என்று போட்டேன். அத்தனை பேரில் ஒருவர்கூட அதை மறுத்து எழுதவில்லை, சார்.