அஸ்தம்பட்டிக் காற்று

எனக்கு ஏணி ஏறினால் தலை சுற்றும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்பதற்குப் பதிலை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று படுகிறது.

என் பெயர் செபஸ்தியான். காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று பார்க்கும் அரசாங்க வேலை. எடை போட்ட வெள்ளைத் தாளை ஒரு மெஷினில் மாட்டி, ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். அது காற்றை இழுக்கும், தூசி தாளில் படியும். மறுபடி எடை போட்டால் கணக்கு தெரிந்துவிடும். 1985இல் என் பொறுப்பில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று அஸ்தம்பட்டியில், எங்கள் ஆபீஸ் மாடியில். அதற்குப் படிக்கட்டு உண்டு. இன்னொன்று திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மேல். அதற்கு மூங்கில் ஏணிதான். எதிரே கல்லைச் சுட்டுப் பொடியாக்கும் ஆலை இருந்தது.

கிராமத்து முதல் தாள் கரியாக வந்தது. அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுப்படியில் மாட்டினாயா, ஒழுங்காக எடுத்து வா என்றார். இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவதையும் திருப்பிவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போய் அந்த ஏணியில் ஏற வேண்டும், நானும் மனுஷன்தானே. நாலாம் முறை, கிராமத்து நம்பர் போட்ட தாளை ஆபீஸ் மெஷினிலேயே மாட்டி எடுத்துக் கொடுத்தேன். இப்போதுதான் வேலை பழகியிருக்கிறாய் என்றார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

பிறகு இரண்டு வருஷம் அப்படியேதான். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிராமத்துக்கும் அவ்வப்போது போய் மெஷினை வெறுமனே ஓடவிட்டு வருவேன். சுவிட்ச் கீழேயே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் ஊருக்கு ஒரு தைரியம். புகையைப் பற்றி ஊர்க்காரர்கள் மனு போட்டபோது, என் தாள்களின் கணக்குதான் பதிலாகப் போனது. ஆலைக்கு இரண்டாவது சூளை வைக்க அனுமதியும் கிடைத்தது.

அந்தப் பள்ளியில் சத்துணவு சமைத்தவர் பாப்பாயி. அவர் மகள் வசந்தாமணிக்கு ஏழு வயது, மூச்சிழுப்பு நோய். ஒருநாள் அந்த அம்மா என்னிடம் வந்து நின்றார்.

“ஏனுங்க சார், புள்ளைய வாழப்பாடில எங்கண்ணன் ஊட்ல உட்றலாம்னு பாக்கறனுங்க. பிரிஞ்சிருக்க மனசு வர மாட்டேங்குது. இந்தக் காத்து கெட்டதுங்களா?”

“கவர்மென்ட் கணக்குப்படி நல்ல காத்துதாம்மா. புள்ளைய உங்ககூடவே வெச்சுக்கங்க.”

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. மகளைத் தன்னோடே வைத்துக்கொண்டார். தை மாதம், இரண்டு சூளையும் எரிந்த ஒரு பகலில், வகுப்பிலேயே அந்தப் பிள்ளைக்கு மூச்சு நின்றுபோனது. அந்த வருஷம் அவளோடு சேர்த்து நான்கு பிள்ளைகள் அப்படிப் போனார்கள். அன்றும் மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான்தான் போட்டுவிட்டேன். உள்ளே தாள் இல்லை.

இப்போது ஆபீஸ் மெஷின் ஓடினால் அதற்குள் ஒரு பிள்ளை மூச்சுக்கு இழுப்பது கேட்கிறது. நிறுத்தினாலும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

ஆனால், தெரிந்தே செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காற்று கெட்டதா இல்லையா என்று தாள்தானே சொல்ல வேண்டும்? தாள்கள் சுத்தமாகத்தானே இருந்தன. அந்தப் பிள்ளை போவதற்கு முந்தின வருஷம் என் மனைவி இன்பமேரிக்கு அதே பள்ளியில் டீச்சர் வேலை வந்தது. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். போக வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு அந்தக் காற்று ஆகாது என்றேன்.