அணைக்கரைப் படகு வரிசை

அணைக்கரையில் குடும்பங்கள் தங்கும் ஒன்பது கூடாரங்களிலிருந்தும் காலையில் படகுக்கு வந்து நின்றோம். எனக்கு முன்னால் பதினொரு பேர். படகில் பன்னிரண்டு இடம். மிதவைச் சட்டைகளை இரண்டு முறை எண்ணினேன். பன்னிரண்டுதான்.

எனக்கு முன்னால் நின்ற நீலச் சேலைக்காரி, கூட வந்தவளிடம் மெல்லச் சொன்னாள்.

“ஓட்டப்போறது எம் மவதாம்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க மதினி. இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்திருக்கா. அம்மைக்கு மட்டும் சலுகைன்னு பேரு வந்திரக்கூடாது.”

“மவ ஓட்டுத படகுக்கு வரிசையில நிக்கவ நீ ஒருத்திதாம்ட்டி.”

காக்கிச் சட்டை போட்ட இளம்பெண் வந்து இயந்திரத்தை முடுக்கினாள். வரிசையில் முதலில் நின்ற பெரியவர் பின்வாங்கினார்.

“பொம்பளப் பிள்ளையா ஓட்டுது? ஆழமான தண்ணிவே. நா வரல.”

அவருக்குப் பின்னால் இருந்த இருவரும் தயங்கினார்கள். நீலச் சேலைக்காரி எல்லாரையும் தாண்டி முன்னே போனாள்.

“எனக்கு நீச்சலே தெரியாது அண்ணாச்சி. நா ஏறுதேன், பாருங்க.”

“நீ என்ன தைரியத்துல ஏறுத?”

“பெத்த தைரியத்துலதான்.”

அந்த நடையில் பன்னிரண்டு இடமும் நிரம்பின. கடைசி ஆளாக அந்தப் பெரியவர் ஏறினார்.